ஒரு கீறல்கூட இல்லை

மரக்கடை, திருச்சி
26 மே 2025

சுப்ரஜா,

வாட்ஸாப்ல பிளாக். இன்ஸ்டால பிளாக். போன் போட்டா ரெண்டு ரிங்ல கட். சரி, தபால்காரரை உன்னால பிளாக் பண்ண முடியாதுல்ல? அதான் பேப்பர் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். காலேஜ் முடிச்சதுக்கு அப்புறம் கையால இவ்ளோ நீளமா எழுதுறது இப்பதான். கோணலா இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்க.

ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். அந்த ரெக்கார்டுல கீறல் இல்ல. ஒரு கீறல்கூட இல்ல!

உங்க அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல, அவ்ளோ சொந்தக்காரங்க முன்னாடி, "கீறி வச்சுட்டியேடா பாவி"ன்னு கத்தினியே, நீ மைக் பக்கத்துல நின்னுட்டு இருந்த. சமையல் பண்ற எடம் வரைக்கும் கேட்டுச்சாம். எங்க அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. உங்க அம்மாவுக்கு, நம்ம மாமிக்குன்னு பழத்தட்டு தூக்கிக்கிட்டு, பெட்டியில இருந்து நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தாங்க. திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலம் தாண்டிருச்சு. எறங்கி நடக்கும்போது மெதுவா கேக்குறாங்க, "ஏம்ப்பா, அந்தம்மா பாட்டை நீயா கெடுத்த?"

எப்படி வச்சிருந்தேன்னு உனக்குத் தெரியும். ஜனவரில நீ ஸ்கூட்டில கொண்டு வந்த. மாமியோட பழைய பட்டுத்துணில சுத்தி, மடில வச்சுக்கிட்டு உக்காந்த. "தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்குப் பேச்சே காத்தாத்தான் வர்றது கலீம். அம்மா பாடின குரல்னு உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான். அப்பா அறுபதாம் கல்யாணத்துல இதைப் போட்டு அம்மாவைக் கேக்க வைக்கணும்"ன்ன. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. 86ல ஒரு குட்டி சபா அவங்க கைக்காசுல போட்ட எல்பி. கொஞ்சம் காப்பிதான். ரெண்டாவது பக்கத்துல முழுசா ஒரு பாட்டு, சத்யபாமான்னு பேர் போட்டு. நெட்டுல எங்க தேடியும் இல்ல. என்னை மாதிரி ஆளுக்கு அது என்னன்னு உனக்குப் புரியாது. புரியும், ஆனா இப்ப புரியாத மாதிரி நடிக்கிற.

கை கழுவாம அதை நான் தொட்டது கெடையாது. ரெண்டு உள்ளங்கையால விளிம்பை மட்டும்தான் பிடிப்பேன். படுக்க வச்சா மேல வெயிட் ஏறும்னு நிமுத்தித்தான் வச்சேன். ஆஃப்ரின் அக்கா பிள்ளைங்க வந்தா மாடி ரூமையே பூட்டிருவேன். உள்ள இருந்த பழுப்புத் தாள் கவர் இருக்கே, சொரசொரன்னு, தூசியோட, அதுல உருவி உருவி எடுத்தாலே கோடு விழும்னு தூக்கிட்டு, கண்ணாடி மாதிரி புது பிளாஸ்டிக் கவர் ஆர்டர் பண்ணிப் போட்டேன். என் சொந்த ரெக்கார்டுக்குக்கூட அப்புறந்தான் போட்டேன், மாமியோடதுக்குத்தான் மொதல்ல!

ஓட்டக்கூட இல்லையே. என்கிட்ட இருக்குற ஊசி மட்டமானது, பள்ளத்தைத் தேச்சுரும், துபாய்ல இருந்து மச்சான் அப்துல் அஹத் நல்ல ஊசி கொண்டு வரட்டும், அதுவரைக்கும் ஊசியே படக்கூடாதுன்னு நான் சொன்னேன். நீயும் சரின்ன. மச்சான் ஃப்ளைட் தள்ளித் தள்ளிப் போயி, கல்யாணத்துக்கு மொத நாள்தான் ஊசி கைக்கு வந்துச்சு. மாட்டினேன், அப்படியே தூக்கிட்டு வந்தேன். எல்லாரும் கேக்கும்போதே பதிவும் பண்ணிரலாம்னு லேப்டாப் வரைக்கும் கொண்டு வந்தேன்ல?

கல்யாணத்துல ஊசி வச்சதும் வந்த அந்தச் சத்தத்தை நானும்தான் கேட்டேன். தகரத்துல மழை பெய்யிற மாதிரி ஸ்ஸ்ஸ்ஸ்னு. அடியில எங்கயோ மாமி. கீறல்னா அப்படி வராது, டக் டக்குன்னு சுத்துக்கு ஒரு தடவை வரும். இதுகூடத் தெரியாம பழி போட்டுட்ட.

நம்ம ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரு மெசேஜ் போடு. "கலீம் கீறல"ன்னு. அது போதும் எனக்கு.

கலீம்


ஸ்ரீரங்கம்
3 ஜூன் 2025

திரு. கலீம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அம்மாவிடம் நேற்று போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர்கள் முன்னால் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அந்த மன்னிப்பு அவர்களுக்கு மட்டும்.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை, உங்கள் ஊசி, உங்கள் கவர், உங்கள் பெயர். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. நானே சொல்கிறேன்.

மணையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன போடப் போகிறோம் என்று நான் காதில் சொன்னதும் அம்மா கையைக் கொண்டுபோய்த் தொண்டையில் வைத்துக்கொண்டாள். சத்தம் வந்ததும் தலையைச் சாய்த்து, அந்த இரைச்சலுக்குள் தன்னைத் தேடினாள். எல்லோரும் கேட்பது போல் பாவனை செய்தார்கள். அத்தை மட்டும், "கேக்கறதே, லேசாக் கேக்கறதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா உள்ளங்கையைக் காட்டினாள். போதும். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். கங்கணம் கட்டின கையோடு அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.

புத்தூரில் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகும் அம்மா எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். குரல் போகக்கூடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதற்குத் தயாராகத்தான் போனாள். காற்றாக வரும் பேச்சிலேயே அப்பாவைக் கிண்டல் செய்வாள், காய்க்காரியிடம் பேரம் பேசுவாள். அன்றிலிருந்து அதுவும் இல்லை. சைகைதான். நேற்று ஒரு தம்ளர் தண்ணீருக்கு விரலைக் காட்டினாள்.

இனி உங்களுக்கு முக்கியமான விஷயம். நீங்கள் விட்டுவிட்டுப் போன ரெக்கார்டை டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஒரு கீறல்கூட இல்லை. வாழ்த்துகள்.

கீறலுக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது. பால் காய்ச்சிய பாத்திரத்தைச் சரியாகத் தேய்க்காமல் கவிழ்த்த மாதிரி, தட்டு முழுக்க ஒரு வெண்மை. துடைத்தால் போகவில்லை. நடுநடுவே சுருக்கம் சுருக்கமாக ஒரு வடிவம். உங்கள் பிளாஸ்டிக் கவரை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கவரில் எங்கெங்கே சுருக்கமோ அங்கங்கே அந்த வடிவம். நீங்கள் எதையெல்லாம் கற்றுக்கொண்டீர்களோ அதே இணையக் குழுக்களில் போட்டோ போட்டுக் கேட்டேன். கேட்டதும் பதில் வந்தது. அந்த மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக் வெயிலில் வேர்க்குமாம். வேர்ப்பது தட்டில் இறங்கி, பள்ளத்தை அரித்துவிடுமாம். திரும்ப வராதாம்.

உங்கள் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏப்ரலில் அங்கே செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்.

எங்கள் பரணில், பழுப்புத் தாளுக்குள், எலிப் புழுக்கைக்கு நடுவில் அத்தனை வருஷம் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பாதுகாத்ததும் ஆகிவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. நான் கொண்டுவந்து கொடுத்த அன்றே, கையில் இருந்த ஊசியில், ஒரே ஒரு தடவை ஏன் ஓட்டவில்லை? தேய்ந்தால் தேயட்டுமே. அம்மா உங்களிடம் தரம் கேட்கவில்லை. டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டிருந்தாலும் அவளுக்குப் போதும்.

ரெக்கார்டின் மேலட்டையும் அந்தப் பழுப்புத் தாளும் உங்களிடம் இருக்கின்றன. அனுப்பிவிடுங்கள்.

சுப்ரஜா


மரக்கடை
11 ஜூன் 2025

சுப்ரஜா,

திருவாம், அவர்களாம். ஆவின் பூத்துல ஒரே பாதாம் பாலை ரெண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிச்சவனுக்குத் திரு. நல்லா இருக்கு. எம்.ஏ. தமிழ் படிச்சது இதுக்குத்தானா?

மாமி பத்தி நான் கேக்காதது தப்பு. கேக்க பயமா இருந்துச்சு, அதான் கேக்கல. அதைப் புரிஞ்சுக்கோ.

கவர் விஷயம். நெட்டுல நாலு பேர் சொன்னா வேதமா? அந்தக் கவர் மேல 'நீண்ட காலப் பாதுகாப்புக்கு'ன்னு அச்சடிச்சிருக்கு. ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். நான் ஒண்ணும் பிளாட்ஃபார்ம்ல வாங்கல. திட்டுறதா இருந்தா கவர் பண்ணவனைத் திட்டு. உங்க பரண்ல மட்டும் என்ன ஏசியா ஓடுச்சு?

இதை எழுதிட்டு மேல போயி என் ரெக்கார்டை எல்லாம் எடுத்து வெயில்ல சாச்சுப் பாத்தேன். அந்தக் கவர்ல போட்டது பூரா வெள்ளை. நான் ஸ்கூல் படிக்கும்போது பொட்டிக் கடையில கெஞ்சி வாங்கினது, கைலாசபுரத்துல ரெஜிஸ் அங்கிள் வீட்டைக் காலி பண்ணும்போது கொடுத்தது, எல்லாம். போட்டுப் பாத்தா எல்லாத்துலயும் அதே மழை. உனக்கு ஒரு ரெக்கார்டு போச்சு, எனக்கு அலமாரியே போச்சு. அதைப் பத்தி யாராவது என்கிட்ட கேட்டாங்களா?

சரி, கோபப்படாத. அந்த வரியை அடிச்சுறலாம்னு பாத்தேன், அடிச்சா இன்னும் அசிங்கமாத் தெரியும்.

விஷயத்துக்கு வரேன். சும்மா உக்காந்திருக்கல நான். அட்டைக்குப் பின்னாடி பாடினவங்க பேரெல்லாம் இருந்துச்சுல்ல, அதுல ரங்கநாயகி, துறையூர்னு ஒரு பேர். மாமிக்குப் பாட்டு சொல்லிக் குடுத்த வாத்தியார் தெருவுல விசாரிச்சு, அவர் சொந்தக்காரர் ஒருத்தர் மூலமா நம்பர் புடிச்சேன். அவங்களும் ஒரு காப்பி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதும் பிளேயரைக் கழட்டிப் பையில வச்சேன். அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். மடில லேப்டாப், பிளேயர், புது ஊசி. இந்தத் தடவை அங்கயே, அந்த எடத்துலயே பதிவு பண்ணிரணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பேச்சே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். வல்லாஹி, சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அந்தம்மா நல்லவங்க. "சத்யாவோட பொண்ணு அனுப்பிச்சாளா? வாப்பா, உக்காரு. சத்யா எப்படி இருக்கா? அவ வாயைத் தொறந்தா நாங்கள்லாம் மூடிப்போம்"னு காபி குடுத்தாங்க. நான் குடிக்கவே இல்ல. "ரெக்கார்டு எங்கம்மா?"ன்னேன். "அதோ, உன் தலைக்கு மேலதான்"னாங்க.

திரும்பிப் பாத்தேன். செவுத்துல கடிகாரம்.

மருமக மகாலட்சுமி வீடியோ பாத்து செஞ்சாங்களாம். ரெக்கார்டை அடுப்புல காட்டி, ஓரத்தைப் பூவிதழ் மாதிரி வளைச்சு, மேல மயில் பெயிண்ட் பண்ணி, நடு ஓட்டையில முள் மாட்டியிருக்காங்க. மயிலுக்குக் கீழ லேபிள் தெரியுது. ரெண்டாவது பக்கம். சத்யபாமா. அந்த எழுத்து மேல நொடி முள் சுத்துது.

"எப்படி இருக்கு தம்பி? கண்காட்சில பரிசு வாங்கினது. டைம் கரெக்டாக் காட்டும்"னு அந்தக்கா கேக்குறாங்க. "நல்லா இருக்குக்கா"ன்னேன். வேற என்ன சொல்றது? ஊசி வைக்க ஒரு விரக்கடை சமமா இல்ல அதுல.

வேற காப்பி எங்கயாச்சும் இருக்கான்னு கேட்டேன். மிச்சம் இருந்ததெல்லாம் வாத்தியார் வீட்டுலதான் கட்டுக் கட்டா இருந்துச்சாம், வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப எல்லாம் ஊறிப்போய் எடைக்குப் போட்டுட்டாங்களாம்.

அட்டையும் தாளும் இதோட வருது. மாமிகிட்ட சொல்லு, துறையூர்ல ஒருத்தங்க அவங்களை இன்னும் மறக்கலன்னு.

கலீம்


ஸ்ரீரங்கம்
19 ஜூன் 2025

கலீம் அவர்களுக்கு,

துறையூர் போனதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதில் உங்களை 'நீ' என்றுகூட எழுதியிருந்தேன். தபாலில் சேர்ப்பதற்குள் பவித்ரா ஒரு லிங்க் அனுப்பினாள். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் எனக்குச் சொல்லாமல் இன்ஸ்டாவில் நடத்தும் 'தட்டுக்காரன்' பக்கத்தில் பிப்ரவரி மாதம் போட்ட ரீல். தலைப்பு, 'ரெக்கார்டை எப்படித் தொடணும் மக்களே'. எல்லோருக்கும் தெரியும்படி, எனக்கு மட்டும் தெரியாதபடி போட்டிருக்கிறீர்கள். நம் குரூப்பில் இருக்கும் பவித்ராவுக்கு அது என் அம்மாவின் தட்டு என்று தெரியாது. "உனக்குப் பிடிக்குமே, செம ரேர் எல்பி" என்று அனுப்பியிருக்கிறாள்.

லேபிள் சுற்றுகிறது. அம்மாவின் பெயர் சுற்றுகிறது. உங்கள் கை ஊசியைக் கொண்டுபோய் இறக்குகிறது. ஊசியே படக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டீர்களே, அந்த மட்டமான ஊசி. பாட்டுக்கு முன்னால் வரும் ஆலாபனை தொடங்குகிறது.

அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது, கலீம். ஒரு இரைச்சல் இல்லை.

அதன் மேல் நீங்கள் பேசுகிறீர்கள். விளிம்பைப் பிடிங்க மக்களே, லேபிளைத் தொடலாம், ஆனா கோட்டைத் தொடாதீங்க, வேர்வைக் கையோட வராதீங்க. அம்மா பாடப் பாட, நீங்கள் அவள் மேல் நடக்கிறீர்கள். அரை நிமிஷம் ஆனதும் ஊசியைத் தூக்கிவிடுகிறீர்கள். கீழே எத்தனை இதயங்கள்! "யார் ப்ரோ பாடுறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "தெரியல ப்ரோ, செம ரேர் பீஸ்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

தெரியல ப்ரோ.

முன்பின் தெரியாதவர்களுக்காக ஓட்டலாம். யாருக்காகக் கொடுத்தேனோ அவளுக்காக ஓட்டினால் தேய்ந்துவிடும். இல்லையா?

எனக்கு உங்கள் விளக்கம் வேண்டாம். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உங்கள் போனில் இதன் மூலப் பதிவு இருக்கிறதா? நீங்கள் பேசாத ஒலி, தனியாக, எங்காவது? ஒரு துண்டு போதும். உடனே எழுதுங்கள்.

சுப்ரஜா


மரக்கடை
27 ஜூன் 2025

சுப்ரஜா,

இல்ல.

அதைத்தான் மொதல்ல கேட்ட, அதான் மொதல்ல எழுதிட்டேன். தனியா ஒலி இல்ல. பின்னாடி குரல் சேத்து எடிட் பண்ணியிருந்தா இருந்திருக்கும். நான் அப்படிப் பண்ணல. ஒரு கைல போன், ஒரு கைல ஊசி, பேசிக்கிட்டே எடுத்தது. போன்ல எடம் இல்லாமப் போனப்ப, அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த துண்டெல்லாம் அழிச்சுட்டேன். அழிச்சதைத் திரும்ப எடுக்குற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பாத்தேன். சிங்காரத்தோப்புல போன் ரிப்பேர் பண்ற அடைக்கலராஜ் அண்ணன்கிட்டயும் கொடுத்தேன். "மேல வேற எழுதிருச்சு தம்பி, வராது"ன்னுட்டாரு.

'தெரியல ப்ரோ'ன்னு போட்டதுக்குக் காரணம் கேளு. மாமி பேரைச் சொல்லிட்டா யாராவது உங்க வீடு வரைக்கும் தேடி வந்துருவாங்க, மாமாவுக்குப் பிடிக்காதுன்னுதான். உன்கிட்ட மறைச்சதுக்கும் அதான் காரணம். நீ நம்ப மாட்ட. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். அரை நிமிஷத்துல என்ன தேஞ்சுரப் போவுதுன்னு நெனச்சேன். புது ஊசில முழுசா கேக்கத்தானே போறோம்னு நெனச்சேன். முழுசாக் கேக்கப் போறதைப் பாதில கேட்டுக் கெடுத்துக்க வேணாம்னு தூக்கிட்டேன். இதை வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஆனா ஒரு வழி கெடைச்சிருக்கு! தயவுசெஞ்சு முழுசாப் படி.

இப்ப ஏஐல பேச்சு தனி, பாட்டு தனின்னு பிரிச்சுக் குடுக்குதுல்ல? அந்த ரீலை அதுல போட்டேன். மொத சாஃப்ட்வேர் என் குரலை அப்படியே பளிங்கு மாதிரி பிரிச்சுக் குடுத்துச்சு. மாமி குரலைப் பின்னணி இரைச்சல்னு தூக்கிப் போட்டுருச்சு. ரெண்டாவது, ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சுக்கிச்சு. கேக்கவே முடியல, என் வாயில மாமி பாடுற மாதிரி இருந்துச்சு. மூணாவதா ஒண்ணு, வெளிநாட்டுக் குரூப்ல ஒருத்தன் சொன்னது. அது எங்கெல்லாம் நான் பேசுறேனோ அங்கெல்லாம் என்னை அழிச்சுட்டு, அந்த எடத்துல குரல் எப்படி இருந்திருக்கும்னு அதுவே கணக்குப் போட்டு நெரப்புது. சுப்ரஜா, என்ன சுத்தம் தெரியுமா! அரை நிமிஷம், முழுசா, ஒரு பொண்ணு குரல் மட்டும். கேட்டுட்டு நான் அழுதுட்டேன். எங்க அம்மா கீழ இருந்து ஏறி வந்து, "என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் போட்டுக் காட்டினேன். "மாஷா அல்லாஹ், இதுதான் அந்தம்மாவா?"ன்னாங்க.

பென் டிரைவ்ல வச்சு அனுப்புறேன். மாமிகிட்ட போட்டுக் காட்டு. நானே கொண்டு வரலாம்னு ரெண்டு தடவை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல ஏறினேன். ராஜகோபுரம் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். நீ வான்னு ஒரு வார்த்தை எழுதினா வாசல்லயே நின்னு மாமிகிட்ட பேசிட்டுப் போயிருவேன். உள்ளகூட வரல.

அந்த ரீலை அழிச்சுடப் போறேன். பேஜையே மொத்தமாத் தூக்கிரப் போறேன். அதைப் பாக்கும்போதெல்லாம் என் வாயை நானே பொத்தணும் போல இருக்கு. உன் பதிலுக்காகத்தான் வெயிட் பண்றேன்.

கலீம்


ஸ்ரீரங்கம்
7 ஜூலை 2025

கலீம்,

அந்த ரீலை அழிக்காதே. மீதியைப் படித்து முடிப்பதற்குள் போனை எடுத்துவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் இதை முதல் வரியில் எழுதுகிறேன். பக்கத்தையும் தூக்காதே.

பென் டிரைவ் வந்தது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. லேப்டாப்பை அருகே வைத்துப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள். முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணத்திலிருந்து வாயே திறக்காதவள், என் காதுக்குள், காற்றாக, "யாருடி இது? நன்னாப் பாடறாளே" என்றாள்.

"யாரோம்மா, நெட்டுல கெடைச்சுது" என்றேன். வேறென்ன சொல்ல? பென் டிரைவை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தாய். யாரோ ஒருத்தி பாடியதற்கு அழுதிருக்கிறாய்.

உன் ரீலை அம்மாவுக்குக் காட்டுவதாகவே இல்லை. பவித்ரா அனுப்பியதை நான் அழிக்காமல் வைத்திருந்தேன், அம்மா ஏதோ போட்டோ பார்க்க என் போனை வாங்கியபோது கை பட்டு ஓடிவிட்டது. கொஞ்ச நேரம் உன் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு லேபிளைப் பார்த்தாள். தன் பெயரைப் படித்தாள். இரண்டாம் முறை ஓடும்போது போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தபோது, போன் இன்னும் காதோடுதான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "இது நான்" என்றாள். அடுத்தபடியாக, "அந்தப் பிள்ளையைச் சித்த பேசாம இருக்கச் சொல்லேன்" என்றாள்.

"முடியாதும்மா, ரெண்டும் ஒண்ணாப் பதிஞ்சுடுத்து" என்றேன்.

புரியவில்லை அவளுக்கு. மறுபடி சொன்னாள், யாரோ பக்கத்து அறையில் இருப்பது போல. "அதட்டாதே. நயமாச் சொல்லு. கேப்பான்."

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு ஆனதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். நீ பேசுவது முழுக்க அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. விளிம்பைப் பிடிங்க மக்களே என்று நீ சொல்லும்போது அவள் உதடும் அசைகிறது. அப்பா முதல் இரண்டு நாள் கத்தினார். இப்போது உன் குரல் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போய்விடுகிறார்.

வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். வராதே. நீ ஒரு வார்த்தை பேசினால் போதும், அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிடும். எங்கள் ஆத்தில் இப்போது அதிகம் கேட்கும் குரல் உன்னுடையதுதான். நேரில் பார்த்தால் அம்மா உன்னிடம் நயமாகக் கேட்பாள். உன்னால் முடியாது. அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதலில், அவள் உன் பேச்சுக்கு அடியில் தன்னைக் கேட்டுப் பழகிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. காத்திருக்கிறாள். 'லேபிளைத் தொடலாம்' என்று முடிக்கிறாய். 'ஆனா கோட்டை' என்று தொடங்கப் போகிறாய். அந்த இடைவெளியில் அம்மா தனியாக இருக்கிறாள். நீ இல்லை. சரியாக அந்த இடத்தில்தான் மேலே ஒரு எட்டு ஏறி, அங்கே நின்று, இறங்குகிறாள். இறங்கி முடிப்பதற்குள் நீ வந்துவிடுகிறாய். அம்மா விரலால் பின்னுக்குத் தள்ளுகிறாள். மறுபடி வருகிறது. மறுபடி தள்ளுகிறாள்.

அதைப் போல இன்னொரு இடம் இருக்குமா என்று நான் தேடினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை. இல்லை. அத்தனை பேச்சிலும் நீ ஒரே ஒரு தடவைதான் மூச்சு வாங்கியிருக்கிறாய்.

சுப்ரஜா